வானிலை கிட்: எந்த மாடலை வாங்குவது?

வடகிழக்குப் பருவமழை நெருங்க நெருங்க எனக்கு வரும் போன்களில் பாதி இதற்குத்தான். "சார், இந்த வானிலை கிட் மூணு மாடல்ல இருக்கு. எதை வாங்கலாம்?" வெப்பநிலை, ஈரப்பதம், மழை போன்றவற்றை வீட்டிலேயே அளக்க உதவும் சென்சார் பெட்டிதான் இந்தக் கிட். அளவுக் கருவிகளைப் பொருத்துவதும் சரிபார்ப்பதும் என் தொழில். கேட்பவர்கள் பெரும்பாலும் எதில் சென்சார் அதிகம் என்று பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது மழைமானியை.

முதலில் சின்ன மாடல். அதில் வருவது டிஎச்டி11, நீலக் கூடு போட்ட சென்சார். வெப்பநிலையில் 2 டிகிரி, ஈரப்பதத்தில் 5 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டும். இரண்டு டிகிரி என்பது 38-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம். ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டினால் அதன் கணக்கை நம்ப முடியாது. நம் கடலோர ஊர்களில் ஐப்பசி இரவுகளில் 90-ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். பிள்ளைகளின் பள்ளி புராஜெக்ட்டுக்கு இது போதும், பதிவு வைப்பதற்கு ஆகாது. அதே கிட்டில் வெள்ளைக் கூடு போட்ட டிஎச்டி22 கிடைத்தால் அரை டிகிரித் துல்லியம் வந்துவிடும்.

நடு மாடலில் பிஎம்இ280 என்று போட்டிருப்பார்கள். வெப்பநிலை, ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் ஒரே சில்லு அளக்கும். நல்ல சென்சார்தான். ஆனால் பிரித்துப் பார்த்தால் உள்ளே பிஎம்பி280 இருப்பது அடிக்கடி நடக்கிறது. பெயரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் அதற்கு ஈரப்பதம் அளக்கவே தெரியாது. போர்டில் பளபளக்கும் சில்லைப் பாருங்கள். சரியான சதுரமாக இருந்தால் பிஎம்இ, சற்று நீளமாக இருந்தால் பிஎம்பி. சந்தேகம் இருந்தால் சில்லின் அடையாள எண்ணை புரோகிராமில் படித்துவிடலாம். பிஎம்இ ஹெக்ஸில் (கணினியின் 16 அடிமான எண் முறையில்) 60 என்று சொல்லும், பிஎம்பி 58 என்று சொல்லும். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

பெரிய மாடலில் மழைமானி, காற்றின் வேகம் பார்க்கும் காற்றுமானி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்டும் திசைகாட்டி எல்லாம் வரும். இதில் என் கவனமெல்லாம் மழைமானி மேல்தான். உள்ளே சீசா மாதிரி இரண்டு குட்டிக் கிண்ணங்கள். ஒன்று நிரம்பினால் சாய்ந்து கொட்டும், அப்போது அதிலுள்ள காந்தம், காந்தம் அருகில் வந்தால் இயங்கும் ரீட் சுவிட்ச்சைத் தட்டும், ஒரு எண்ணிக்கை ஏறும். பல கிட்களில் ஒரு சாய்வு 0.2794 மி.மீ. மழைக்குச் சமம். அடைமழையில் கிண்ணம் சாயும் அந்த நொடியில் விழும் தண்ணீர் கணக்கில் வராது, அதனால் மழை குறைவாகத் தெரியும். சுவிட்ச் துள்ளினால், அதாவது ஒரே தட்டலில் இரண்டு முறை சேர்ந்து பிரிந்தால், ஒரு சாய்வு இரண்டாகப் பதிவாகி மழை கூடிவிடும். கனமழை என்று சொல்ல இந்திய வானிலை ஆய்வுத் துறை வைத்திருக்கும் வரம்பு 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. பத்து சதவீதம் குறைத்துக் காட்டும் மானியில் 70 மி.மீ. மழை 63 ஆகிவிடும்.

சோதிக்க ஒரு சிரிஞ்ச் போதும். மழைமானியின் வாய் 11 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம் என்றால் பரப்பு 55 சதுர செ.மீ. அப்படியானால் ஒரு சாய்வுக்கு ஏறக்குறைய 1.5 மில்லி தண்ணீர். 100 மில்லியைச் சொட்டுச் சொட்டாக விட்டால் 65 சாய்வு வர வேண்டும். அவசரப்பட்டு ஊற்றிவிட்டு மானியைக் குறை சொல்லக் கூடாது! எண்ணிக்கை தவறினால் கிண்ணத்துக்கு அடியில் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். திருகி அளவைச் சரிசெய்ய வழியுள்ள மாடலுக்குக் கொஞ்சம் கூடுதல் காசு தரலாம்.

சென்சார்களின் அளவுகளைப் படித்து வைஃபையில் அனுப்பும் போர்டு விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஈஎஸ்பி8266 என்ற போர்டில், மாறும் வோல்டேஜை அளக்கும் அனலாக் பின் ஒன்றுதான். திசைகாட்டி அதை எடுத்துக்கொண்டால் பேட்டரி வோல்டேஜ் பார்க்க வழியில்லை. சோலாரில் ஓட்டுகிறவர்கள் அனலாக் பின் பல உள்ள ஈஎஸ்பி32 மாடலுக்கே போகட்டும்.

வயர்லெஸ் கிட் 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என்று விதவிதமாக வரும். 915 அமெரிக்காவுக்கானது. இங்கே அந்த அலைவரிசைப் பக்கம் செல்போன்கள் ஓடுகின்றன. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் பெட்டி பெரும்பாலும் இந்த மாடல்தான், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 865-இல் தொடங்கும் அலைவரிசை இருக்கிறது. வாங்கும் கிட் அதற்குள் வேலை செய்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், எந்த மாடலானாலும் சென்சாருக்கு வெள்ளைத் தட்டுகள் அடுக்கிய நிழல்கூடு வேண்டும். அது இல்லாமல் மொட்டை மாடியில் வைத்தால் ஊர் வெப்பநிலை கிடைக்காது, வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்கின் சூடுதான் கிடைக்கும். மழைமானியைத் தண்ணீர்த் தொட்டியையும் கைப்பிடிச் சுவரையும் ஒட்டி வைக்காதீர்கள். மானியின் வாய்க்கு மேலே தடுப்பு எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு மடங்காவது தள்ளி இருக்கட்டும்.

வாங்கும் முன் மென்பொருளில் ஒரு அமைப்பையும் பாருங்கள். நாள் கணக்கு தொடங்கும் நேரத்தை மாற்ற முடிகிறதா? பல கிட்களில் நள்ளிரவு 12 மணிக்கு மழை பூஜ்யமாகிவிடும். வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. இதை மாற்றாமல் நுங்கம்பாக்கம் கணக்கோடு உங்கள் மாடிக் கணக்கை ஒப்பிட்டால் இரண்டும் ஒத்துப் போகவே போகாது.