ஹ்யூகோவா, அஸ்ட்ரோவா? அதற்கு முன் கேட்க வேண்டியது

சிறு நிறுவனங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் இணையதளம் கட்டிக்கொடுப்பது என் தொழில். ஸ்டாட்டிக் தளம், அதாவது பக்கங்களை முன்கூட்டியே தயார்செய்து வைத்துவிடும் தளம், என்று பேச்சு எடுத்தாலே வந்து விழும் முதல் கேள்வி, "எந்த ஜெனரேட்டர் வேகம்?" ஜெனரேட்டர் என்பது அந்தப் பக்கங்களை உருவாக்கித் தரும் கருவி; ஹ்யூகோ, ஜெக்கில், அஸ்ட்ரோ எல்லாம் அந்த வகை. ஹ்யூகோ ஆயிரம் பக்கங்களைச் சில நொடிகளில் உருவாக்கிவிடும், ஜெக்கில் அதைவிட மெதுவானது என்று எங்காவது படித்திருப்பார்கள். உண்மைதான். ஆனால் நாற்பது பக்கம் உள்ள பள்ளித் தளத்துக்கு அந்த வித்தியாசத்தால் என்ன ஆகப்போகிறது? தளத்தைப் பார்க்க வருபவருக்கு இரண்டும் ஒன்றுதான். எந்தக் கருவியில் செய்தாலும் கடைசியில் சர்வரில் போய் உட்காருவது வெறும் எச்டிஎம்எல் கோப்புகள்.

நான் திருப்பிக் கேட்பது வேறு. மூன்று வருஷம் கழித்து இந்தத் தளத்தில் ஒரு தொலைபேசி எண்ணை மாற்ற வேண்டும் என்றால் யார் மாற்றுவார்? அவருடைய கணினியில் இது அன்றைக்கும் பில்ட் ஆகுமா, அதாவது மூலக் கோப்புகளிலிருந்து பக்கங்கள் உருவாகுமா?

பழுதுபார்க்க என்னிடம் வரும் ஸ்டாட்டிக் தளங்களில் பெரும்பாலானவற்றில் உள்ளடக்கத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மார்க்டவுன் கோப்புகள் (எளிய குறிகளோடு எழுதும் சாதா எழுத்துக் கோப்புகள்) எழுதியபடி அப்படியே இருக்கும். தளம்தான் பில்ட் ஆகாது. ஜாவாஸ்கிரிப்டைக் கணினியில் ஓட்டும் நோட் ஜேஎஸ் சார்ந்த திட்டங்களில் இது சகஜம். நாம் கேட்டது நாலு பேக்கேஜ் (பிறர் எழுதிய நிரல் தொகுப்பு), கூடவே வந்து இறங்குவது நூற்றுக்கணக்கில். அதில் ஒன்று புதிய நோட் பதிப்போடு ஒத்துப்போகாவிட்டால் போதும், திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. ஸ்டைல் கோப்புகளைத் தயாரிக்கும் நோட்-சாஸ் பேக்கேஜோடு மல்லுக்கட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கேட்ஸ்பி என்ற ஜெனரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2015இல் தொடங்கியது. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகமும் கிராஃப்கியூஎல் என்ற தரவு கேட்கும் மொழியும் சேர்ந்த அந்தக் கருவிதான் சில காலம் எல்லோர் வாயிலும். 2023 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தை, தளங்களை ஹோஸ்ட் செய்யும் நெட்லிஃபை வாங்கியது, அப்புறம் வளர்ச்சி மெலிந்துபோனது. அன்றைய பேச்சை நம்பி அதில் ஐந்து பக்கத் தளம் கட்டியவர்கள் இன்று வேறு கருவிக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். அது மோசமான கருவி என்று நான் சொல்லவில்லை. ஐந்து பக்கத்துக்கு அவ்வளவு இயந்திரம் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கணக்கில் ஹ்யூகோவுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஸ்டீவ் ஃபிரான்சியா 2013இல் கோ மொழியில் எழுதிய அது, ஒரே ஒரு கோப்பாகக் கிடைக்கிறது. தளம் எந்தப் பதிப்பில் பில்ட் ஆனதோ அந்தக் கோப்பையே எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். இதை அவசியம் செய்யுங்கள். ஏனென்றால் ஹ்யூகோவின் பதிப்பு எண் இன்னும் பூஜ்யத்தில்தான் தொடங்குகிறது, புதிய பதிப்பு வரும்போது பழைய தீம்கள் (தயார்நிலை வடிவமைப்புகள்) உடைவது வழக்கம். பக்க அமைப்பை எழுதும் அதன் டெம்ப்ளேட் மொழியும் முதல் வாரத்தில் தலைவலி கொடுக்கும். சரி, அது ஒரு முறை வரும் வலி.

ஜெக்கில் 2008இல் டாம் பிரெஸ்டன்-வெர்னர் எழுதியது. வயதானது என்று ஒதுக்குகிறார்கள். ஆனால் கிட்ஹப் பேஜஸில் (நிரல் கோப்புகளைச் சேமிக்கும் கிட்ஹப் சேவை தளங்களுக்குத் தரும் இடம்) போடப்போகிற சின்னத் தளத்துக்கு இன்றும் அதையே சொல்வேன். உங்கள் கணினியில் ஜெக்கில் ஓடத் தேவையான ரூபி மொழியே வேண்டாம், மார்க்டவுனைப் பிரவுசரிலேயே திருத்திச் சேமித்தால் கிட்ஹப்பே பில்ட் செய்துவிடும். அங்கே உள்ளமைந்திருப்பது ஜெக்கில் 3 வரிசை, அனுமதித்த பிளகின்கள் (கூடுதல் வசதி நிரல்கள்) மட்டுமே ஓடும். 2019இல் வந்த ஜெக்கில் 4 வேண்டுமானால், பில்டை நாமே வரையறுத்து ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் வழியாகப் போக வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஆன்லைன் கடை நடத்த கிட்ஹப் பேஜஸில் அனுமதி இல்லை. தளத்தின் அளவும் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர் எலெவன்டி என்ற ஜெனரேட்டர் பக்கம் போகலாம். நாமாகச் சேர்க்காமல் அது பிரவுசருக்கு ஒரு வரி ஸ்கிரிப்ட்கூட அனுப்பாது. பக்கத்தில் அங்கங்கே உயிருள்ள பகுதிகள், உதாரணமாகக் கட்டணக் கணக்கிடும் பெட்டி, வேண்டுமானால் அஸ்ட்ரோ அருமை. ஆனால் 2022 ஆகஸ்டில் 1.0 வந்து, 2024 டிசம்பரில் 5.0 வந்துவிட்டது. அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது பக்க முகவரி. தலைப்பிலிருந்தோ கோப்பின் பெயரிலிருந்தோ முகவரியை உருவாக்குவது இந்தக் கருவிகளின் பழக்கம். தமிழ் முகவரியை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டினால் பல நேரம் அது சதவீதக் குறிகளாக மாறிவிடும். ஒரு யூனிகோடு குறிக்கு ஒன்பது எழுத்து. ஐந்து குறிகள் கொண்ட 'தமிழ்' என்ற ஒரே சொல் நாற்பத்தைந்து எழுத்தாக நீளும். இன்னொரு சிக்கல், முகவரியைச் 'சுத்தம்' செய்யும் நிரல்கள். ஹ்யூகோவில் பாதையிலிருந்து உச்சரிப்புக் குறிகளை நீக்கும் அமைப்பு ஒன்று உண்டு. பிரெஞ்சுக்கும் ஸ்பானிஷுக்கும் பயன்படும் அதைத் தமிழ்த் தளத்தில் இயக்கினால் புள்ளியும் ஈகாரக் குறியும் பறந்துவிடும். அது இயல்பில் அணைந்தே இருக்கிறது, அப்படியே விடுங்கள். எந்தக் கருவியானாலும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்லக்கை (முகவரியின் கடைசிப் பகுதியை) ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுத்துவிடுவது நிம்மதி.

ஸ்டாட்டிக் என்றாலே ஹேக் ஆகாது என்றும் ஒரு நம்பிக்கை. லாகின் பக்கமும் டேட்டாபேஸும் இல்லாததால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது, நிஜம். ஆனால் வெளியாரின் ஸ்கிரிப்டை இழுத்துப் போட்டால் கதவைத் திறந்து வைத்ததுபோல்தான். பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை நிரப்பும் பாலிஃபில் ஸ்கிரிப்டை வழங்கிவந்த டொமைன் 2024இல் கைமாறி, அந்த ஜூனில் தீங்கான நிரலைப் பரப்பத் தொடங்கியது. அதை இணைத்திருந்த தளங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். தீம் ஒன்றை இறக்கியதும் அதில் எந்த வெளி ஸ்கிரிப்டுகள் இருக்கின்றன என்று தேடிப்பாருங்கள். வேண்டாததை நீக்கி, வேண்டியதை உங்கள் தளத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலக உதவியாளர் தினமும் ஓர் அறிவிப்பை ஏற்ற வேண்டிய இடத்தில், இது எதுவும் வேண்டாம், வேர்ட்பிரஸ் போதும் என்று சொல்லி அனுப்பியும் இருக்கிறேன். பிரவுசரிலேயே படிவம் நிரப்பித் திருத்த உதவும் டீகேப் சிஎம்எஸ் போன்றவற்றை ஸ்டாட்டிக் தளத்தின் மேல் பொருத்தலாம். ஆனால் பில்ட் நின்றுபோன அன்று அந்த உதவியாளருக்குப் புரிகிற மாதிரி ஒரு வார்த்தையும் திரையில் வராது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கட்டுரைகளைச் சாதா மார்க்டவுனில் எழுதுங்கள். ஹ்யூகோவின் ஷார்ட்கோடு, அஸ்ட்ரோவின் கம்போனென்ட் என்று அந்தந்தக் கருவிக்கு மட்டுமே புரியும் துண்டுகளைப் பத்திக்குப் பத்தி தூவிவிட்டால், கருவியை மாற்றும் அன்று ஒவ்வொன்றையும் கையால் களைய வேண்டிவரும். தளத்தை வேறொருவர் கட்டிக்கொடுத்தால் பணம் கொடுத்து முடிப்பதற்குள் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: டொமைன் உங்கள் பெயரில், கிட்ஹப் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், எந்தப் பதிப்பில் எந்தக் கட்டளையால் பில்ட் ஆகிறது என்று எழுதிய ரீட்மீ கோப்பு. கடைசியாகச் சொன்னதைப் புதுக் கணினி ஒன்றில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.