நொடிக்கு ஒரு நானோமீட்டர்

விரல் நகம் மணிக்கு 0.0000000048 கிலோமீட்டர் வேகத்தில் வளர்கிறது. கணக்கில் பிழையில்லை, ஆனால் இதைப் படித்து யாருக்கும் எதுவும் புரியப்போவதில்லை. இதையே மாதத்துக்குச் சுமார் 3.5 மில்லிமீட்டர் என்றால் சட்டென்று பிடிபடுகிறது. வேகம் அதேதான், அலகுதான் வேறு.

வேகம் என்றால் தூரத்தை நேரத்தால் வகுத்தது. அதனால் அலகு மாற்றும்போது இரண்டு வேலை இருக்கிறது, இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கும்: தூர அலகு பெரிதானால் எண் சிறுக்கும், நேர அலகு பெரிதானால் எண் பெருகும். மீட்டரைக் கிலோமீட்டராக்க 1000ஆல் வகுக்கிறோம், நொடியை மணியாக்க 3600ஆல் பெருக்குகிறோம். பள்ளியில் மனப்பாடம் செய்த அந்த 3.6 வந்தது இப்படித்தான். சறுக்குவது பெரும்பாலும் நேரத்தில். 'பெரிய அலகுக்குத்தானே போகிறோம்' என்று கைப்பழக்கத்தில் பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டால், 3600 இரண்டு தடவை உதைக்கும்; விடை சுமார் 1.3 கோடி மடங்கு தப்பாகும்.

மிக மெதுவான வேகங்களுக்கு நினைவில் வைக்க வேண்டியது ஒரே ஓர் எண்தான். 365.25 நாள் கொண்ட ஓர் ஆண்டில் 3,15,57,600 நொடிகள், அதாவது ஏறத்தாழ 3.16 கோடி. இன்னொரு பக்கம், ஒரு சென்டிமீட்டரில் சரியாக 1 கோடி நானோமீட்டர். ஆக, நொடிக்கு 1 நானோமீட்டர் நகரும் பொருள் ஆண்டுக்கு 3.16 கோடி நானோமீட்டர், அதாவது 3.16 செ.மீ. போகும். கோடிக்குக் கோடி அடிபட்டுப்போகிறது, கால்குலேட்டரே வேண்டாம்.

இதை வைத்துப் பார்த்தால் நகம் நொடிக்குச் சுமார் 1.3 நானோமீட்டர் வளர்கிறது. ஓர் அணுவின் விட்டம் 0.1 முதல் 0.5 நானோமீட்டருக்குள் இருப்பதால், நொடிக்குச் சில அணுக்களின் அளவுக்கு நீள்கிறது என்று சொல்லலாம். நிலா நம்மைவிட்டு ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகுகிறது, அது நொடிக்கு 1.2. அட்லாண்டிக் பெருங்கடல் ஆண்டுக்குச் சுமார் 2.5 செ.மீ. அகலமாகிறது, நொடிக்கு 0.8. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே வேகம்! இங்கே 1.3309 என்று நாலு தசமம் போடுவது வீண் வேலை, 3.5 மி.மீ. என்பதே சுமாரான அளவுதான், அலகை மாற்றினால் துல்லியம் கூடிவிடாது.

சரி, மறுகோடிக்குப் போவோம். ஒளியின் வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர். இது 1983 முதல் அளந்து சொல்லும் எண் அல்ல, வரையறை. மீட்டரின் நீளமே இதிலிருந்துதான் வருகிறது. நானோநொடிக்கு 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் கைக்கு அடக்கம். நொடிக்கு 1 நானோமீட்டர் வேகத்தில் அதே 30 செ.மீ.யைக் கடக்க ஒன்பதரை ஆண்டு ஆகும். இந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவில், பெருக்கல் கணக்கில் சரிபாதியாக நிற்பது நொடிக்கு 0.55 மீட்டர், மணிக்கு 2 கி.மீ., அதாவது சாவகாசமான நடை. கீழிருந்து அதற்கு 55 கோடி மடங்கு, அதிலிருந்து ஒளிக்கு இன்னொரு 55 கோடி மடங்கு. இதில் பெரிய தத்துவமெல்லாம் இல்லை, தற்செயல்தான்.

விண்வெளிக்கும் இப்படி ஒரு தற்செயல் உதவுகிறது. விண்மீன்களின் தூரத்தை அளக்கும் அலகான பார்செக், 30.86 லட்சம் கோடி கிலோமீட்டர். பத்து லட்சம் ஆண்டில் 31.56 லட்சம் கோடி நொடி. இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்பதால், நொடிக்கு 1 கி.மீ. என்பதைப் பத்து லட்சம் ஆண்டுக்கு 1 பார்செக் என்றே வாசித்துவிடலாம், பிழை இரண்டு சதவீதம் சொச்சம்தான். வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கி.மீ. போகிறது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் பிராக்சிமா 1.3 பார்செக் தூரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறது என்று வைத்துக்கொண்டால் (உண்மையில் போகவில்லை) 1.3ஐ 17ஆல் வகுக்க, சுமார் 75,000 ஆண்டு.

அப்புறம், குறும்புக்கென்றே ஓர் அலகு உண்டு: இரண்டு வாரத்துக்கு ஒரு பர்லாங் (சுமார் 201 மீட்டர்). மாற்றிப் பார்த்தால் நிமிடத்துக்கு ஒரு செ.மீ.க்கு மயிரிழைதான் குறைவு. அந்த அலகில் ஒளியின் வேகம் 1.8 லட்சம் கோடி!

ஒரு விஷயத்தை மட்டும் அலகு மாற்றம் மறைத்துவிடும். ஆண்டுக்கு இத்தனை என்பது சராசரி. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் சான் ஆண்ட்ரியாஸ் என்ற நிலப்பிளவின் சில இடங்களில் நிலம் 6 மீட்டர் வரை ஒரேயடியாக விலகியது. பிளவின் இரு பக்கமும் ஒன்றையொன்று சராசரியாக ஆண்டுக்கு 3 செ.மீ. கடக்க வேண்டும் என்று வைத்தால் அது 200 ஆண்டுப் பாக்கி. அப்படி நகராமல் பூட்டிக்கொண்டு நிற்கும் பிளவைப் பற்றி 'நொடிக்கு 1 நானோமீட்டர்' என்று எழுதலாம், கணக்கும் சரியாக வரும். ஆனால் அந்த இடம் அந்த வேகத்தில் நகர்ந்த நொடி அநேகமாக ஒன்றுகூட இருக்காது.