பியர் சப்போர்ட்: 'ஒத்தார் துணை' எனலாமா?

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் மனநலக் கிளினிக்குக்குக் காத்திருக்கும் இருவர் கதைத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். "உங்களுக்கும் விடியப்புறம் முழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லையோ?" "ஓம், எனக்கும் கனநாள் அப்படித்தான். இப்ப பரவாயில்லை." பட்டுத் தேறிய ஒருவர் சொல்லும் அந்த 'ஓம்'தான் பியர் சப்போர்ட்.

இலத்தீனில் 'பார்' என்றால் சமம். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'பியர்' ஆனது. தமக்குள் சமமானவர்கள் என்பதால் பிரித்தானியப் பிரபுக்களுக்கும் அதே பெயர். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியோடு போராடிய ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை மருத்துவரும் தங்களுக்குள் கதைத்துக் கதைத்தே குடியிலிருந்து விலகி நின்றார்கள். குடியிலிருந்து மீள ஒருவருக்கொருவர் துணை நிற்கும் 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' அமைப்பு அப்படித்தான் பிறந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? யாழ்ப்பாணத்தில் சட்டென்று வாயில் வருவது 'சகபாடி'. சேர்ந்து படிப்பவர் என்று பொருள்படும் வடசொல் அது. வகுப்பறைக்குச் சரி, ஐம்பது வயதில் பதகளிப்போடு போராடுபவருக்கு ஒட்டாது. 'சமவயதினர்' என்பதும் போதாது. பிள்ளையைப் பறிகொடுத்த இளம் தாய்க்கு அதே துயரைக் கடந்த எழுபது வயது அம்மாவின் சொல்தான் ஆறுதலாக இருக்கும்.

அதனால் எனக்குப் பிடித்தது 'ஒத்தார் துணை'. கவுன்சலிங்கை உளவளத்துணை என்று சொல்லிப் பழகிய நமக்குத் 'துணை' புதிதல்ல. 'ஒத்தார்' என்பதிலும் நமக்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. 'ஒப்பாரி'யும் 'ஒப்பு' என்ற சொல்லோடு சேர்ந்ததுதான். 1071ஆம் குறளில் ஒப்பாரி என்றால் ஒத்திருத்தல், அங்கே அழுகை இல்லை. செத்தவீட்டில் தோளைக் கட்டிக்கொண்டு அழும் பெண்கள், போரில் இழந்த தங்கள் பிள்ளைகளையும் சொல்லித்தான் அழுகிறார்கள். ஒத்திருத்தல், அழுகை என்ற இரண்டு பொருளும் ஒரே சொல்லில் நிற்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

ஊர் சின்னது, "சனம் என்ன சொல்லும்" என்ற பயம் பெரிது. ஆகவே கதைத்தது வெளியே போகக்கூடாது என்பதை முதலே பேசிக்கொள்ளுங்கள். ஒத்தாருக்குச் சரிவந்த குளிசை உங்களுக்குச் சரிவரும் என்றில்லை, மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியரோடுதான். உயிரை விடும் எண்ணம் வந்தால் காத்திருக்காமல் உடனே 1926ஐ அழையுங்கள், அது இலங்கையின் தேசிய மனநல உதவி எண்.

ஒத்தாரைத் தேடிக் கிளினிக்கிலோ பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ இப்படிக் கேட்கலாம்: "இதே வருத்தம் வந்து தேறின ஆரோடையும் நான் கதைக்கலாமோ?"