பயிற்சியாளரை மாற்றினால் அணி ஜெயிக்குமா?

வீட்டில் லூடோ பகடை இருந்தால் எடுத்து வையுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் தோல்வி, புள்ளி கிடையாது. 3 அல்லது 4 என்றால் டிரா, ஒரு புள்ளி. 5 அல்லது 6 என்றால் வெற்றி, மூன்று புள்ளிகள். பத்து முறை உருட்டிக் கூட்டினால் ஒரு கால்பந்து அணியின் பத்து ஆட்டங்கள் முடிந்துவிட்டன என்று கொள்ளலாம். சராசரியாக 13 புள்ளி வர வேண்டும். ஆனால் இப்படி இருபது அணிகளுக்கு உருட்டினால், சராசரியாக மூன்று அணிகள் 9 புள்ளியிலோ அதற்குக் கீழோ கிடக்கும். எல்லாம் ஒரே பகடைதான், எந்த அணியும் மட்டமில்லை.

இப்போது அந்த மூன்று அணிகளுக்கும் பகடை உருட்டும் ஆளை மாற்றுங்கள். உங்கள் தம்பியோ அம்மாவோ உருட்டட்டும். அடுத்த பத்து ஆட்டங்களில் அவற்றின் புள்ளிகள் பெரும்பாலும் 13-ஐ ஒட்டி ஏறிவிடும். தம்பி கை ராசியான கை என்று தோன்றும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. பழைய ஆளே உருட்டியிருந்தாலும் அதே ஏற்றம் வந்திருக்கும். மிகத் தாழ்ந்தோ மிக உயர்ந்தோ போன எண் அடுத்த முறை சராசரியை நோக்கித் திரும்புவதைப் புள்ளியியலில் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள்.

கால்பந்தில் இது மற்ற பல விளையாட்டுகளைவிடக் கடுமையாக வேலை செய்கிறது. கூடைப்பந்தில் ஓர் ஆட்டத்தில் நூறு புள்ளிகள்கூட விழும். தற்செயலாக விழுந்தது, தவறியது எல்லாம் ஒன்றையொன்று ஈடுகட்டி, நல்ல அணி பெரும்பாலும் ஜெயித்துவிடும். கால்பந்தில் இரு அணிக்கும் சேர்த்தே சுமார் மூன்று கோல்தான். கம்பத்தில் பட்டுத் திரும்பும் ஒரு பந்து, ஒரு தவறான விசில், அவ்வளவு போதும் முடிவு புரள. அப்படிப்பட்ட முடிவுகள் நான்கைந்தை வைத்துத்தான் உலகெங்கும் உரிமையாளர்கள் பயிற்சியாளரின் சீட்டைக் கிழிக்கிறார்கள்.

நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வேல், அந்நாட்டின் முதல்நிலை லீகில் 1986 முதல் 2004 வரை நடந்த பயிற்சியாளர் மாற்றங்களை ஆராய்ந்தார். நீக்கத்துக்குப் பின் அணிகள் மேலே வந்தது உண்மைதான். ஆனால் அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை நீக்காமல் பொறுத்துக்கொண்ட அணிகளையும் அவர் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவையும் ஏறக்குறைய அதே வேகத்தில் மேலே வந்திருந்தன. தம்பியின் ராசி அங்கேயே தீர்ந்துவிட்டது.

அப்படியானால் உரிமையாளர் எதைப் பார்த்து முடிவெடுப்பது? மேற்கு லண்டனில் இருக்கும் பிரென்ட்ஃபோர்ட் கிளப்பின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அதன் உரிமையாளர் மேத்யூ பென்ஹாம் ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியல் படித்தவர், சிறுவயதிலிருந்தே அந்த அணியின் ரசிகர். பந்தயச் சந்தைக்காகக் கால்பந்துத் தரவுகளை அலசும் ஒரு நிறுவனத்தை நடத்துபவர். 2018 அக்டோபரில் தாமஸ் ஃபிராங்க் அங்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனார். முதல் பத்து ஆட்டங்களில் எட்டில் தோற்றார். பென்ஹாம் அவரை அனுப்பவில்லை, ஏனென்றால் அவர் பார்த்தது புள்ளிப்பட்டியலை அல்ல.

அவர் பார்த்தது எக்ஸ்ஜி, அதாவது எதிர்பார்க்கப்படும் கோல். கோலை நோக்கி அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு மதிப்பு உண்டு. எவ்வளவு தூரத்திலிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா என்று பார்த்து, முன்பு அதேபோல் அடித்த ஆயிரக்கணக்கான அடிகளில் எத்தனை உள்ளே போயின என்று கணக்கிடுவார்கள். பெனால்டி என்றால் ஏறக்குறைய முக்கால் கோல். முப்பது மீட்டரிலிருந்து அடித்தால் நூறில் இரண்டு மூன்று. ஓர் ஆட்டத்தின் அடிகளையெல்லாம் கூட்டினால், பந்து போன இடத்தை மறந்துவிட்டு, எந்த அணி நல்ல வாய்ப்புகளை உருவாக்கியது என்பது தெரியும். மூன்று கோல் நடந்த ஆட்டத்தில் இருபது இருபத்தைந்து அடிகள் இருக்கும். அவ்வளவு தகவல் கையில் சேர்வதால், அணியின் உண்மைத் தரம் வெறும் முடிவுகளில் தெரிவதைவிடச் சீக்கிரம் தெரிய வருகிறது. ஃபிராங்கின் அணி தோற்றுக்கொண்டிருந்தபோதும் அந்தக் கணக்கு மோசமாக இல்லை. 2021 மே மாதம் அதே ஃபிராங்க் பிரென்ட்ஃபோர்டை இங்கிலாந்தின் முதல்நிலை லீகுக்கு ஏற்றினார். அந்த உயரத்தை அந்தக் கிளப் கடைசியாகப் பார்த்தது 1947-இல்.

இதைப் படித்துவிட்டு, பென்ஹாம் எல்லாவற்றையும் பயிற்சியாளர் கையில் விட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு முன் பயிற்சியாளராக இருந்த மார்க் வார்பர்ட்டன் 2014-இல் அணியை மூன்றாம் நிலையிலிருந்து ஏற்றி, இரண்டாம் நிலையில் முதல் பருவத்திலேயே ஐந்தாமிடம் வரை கொண்டுபோனார். 2015-இல் அவரோடும் பிரிந்தார் பென்ஹாம். யாரை வாங்குவது என்பதில் கடைசி வார்த்தை யாருடையது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அது தரவுகளை வைத்துக் கிளப் எடுக்க வேண்டிய முடிவு என்றார் உரிமையாளர்.

எனக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் தன் வகுப்புகளில் ஒரு புனலை வைத்துச் செய்து காட்டிய சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. மேசையில் ஒரு புள்ளி. அதற்கு நேர் மேலே புனல். புனல் வழியே கோலிக்குண்டைப் போட்டால் அது கொஞ்சம் அப்படி இப்படிச் சிதறி நிற்கும். புனலைத் தொடாமல் விட்டால் சிதறல் அந்த அளவோடு நிற்கும். ஒவ்வொரு முறையும் குண்டு எவ்வளவு விலகியதோ அவ்வளவு எதிர்ப்பக்கம் புனலை நகர்த்தினால்? சிதறலை அளக்கப் பள்ளியில் படித்தோமே விலக்க வர்க்கச் சராசரி, அது இரண்டு மடங்காகிவிடும். திருத்துகிறேன் என்று கை வைப்பதுதான் கெடுக்கிறது. சிதறலைக் குறைக்க வேண்டுமானால் புனலின் வாயையோ மேசையின் உயரத்தையோ மாற்ற வேண்டும். வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை, சம்பளக் கணக்கு, ஆடும் பாணி எல்லாம் அந்த மேசையின் உயரம். அவை வருடக்கணக்கில் மெதுவாகப் பலன் தருபவை, அவற்றில் உரிமையாளரின் கை தாராளமாக இருக்கலாம். யார் இன்று ஆடுவது, எழுபதாம் நிமிடம் யாரை இறக்குவது என்பதெல்லாம் பயிற்சிக் களத்தில் தினமும் வீரனின் காலையும் முகத்தையும் பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும். அங்கே கை வைக்கும் முதலாளி ஒவ்வொரு குண்டுக்கும் புனலை நகர்த்துபவர்.

பயிற்சியாளர்களை அடிக்கடி மாற்றியும் லண்டனின் செல்சி கிளப் ஜெயித்ததே என்று கேட்பார்கள். அதன் முன்னாள் உரிமையாளர் ரோமன் அப்ரமோவிச் காலத்தில் ஐந்து லீக் பட்டங்களும் இரண்டு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளும் வந்தன, சரி. ஆனால் அவர் கொட்டிய பணம் வேறு யாரிடமும் எளிதில் இல்லை. இங்கிலாந்தில் எந்தக் கிளப் எங்கே நிற்கும் என்பதில் பெரும்பங்கைச் சம்பளப் பட்டியலே சொல்லிவிடும். விலையுயர்ந்த பகடையை யார் உருட்டினாலும் 5, 6 அதிகம் விழும்.

2025 கோடையில் ஃபிராங்க் டாட்டன்ஹாம் கிளப்புக்குப் போனார். பிரென்ட்ஃபோர்ட் பெரிய பெயர் எதையும் தேடி ஓடவில்லை. கார்னர், ஃப்ரீ கிக் பயிற்சியை மட்டும் கவனித்துக்கொண்டிருந்த கீத் ஆண்ட்ரூஸையே தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது. அதற்கு முன் அவர் எந்தக் கிளப்பிலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.