பம்ப் ஸ்டவ் மேல் ஏறி ஓடும் கார்

மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் கொளுத்தத் தெரிந்தவர் யாராவது இதைப் படித்தால், 1910ஆம் ஆண்டு ஸ்டான்லி நீராவிக் காரில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி பிரஷர் குக்கர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அந்த வண்டியின் முன்பக்க மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட இந்த இரண்டும்தான். ராட்சத ஸ்டவ் ஒன்று, அதன் தலையில் ராட்சத குக்கர்.

கார்களின் வரலாற்றில் ஏறக்குறைய 1915 வரைக்குமான காலத்தைப் பித்தளைக் காலம் என்பார்கள். விளக்கு, ஹாரன், ரேடியேட்டர் என்று கண்ணில் படுவதெல்லாம் பித்தளை. அந்த விளக்குகள் பலவும் மின்சாரத்தில் எரியவில்லை. கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டினால் வருகிற அசிட்டிலின் வாயுவில் எரிந்தன. ஆமாம், மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கிறார்களே, அதே கல்தான். இந்த ரக வண்டி விற்பனைக்கு வந்தால் படங்களில் பித்தளை குத்துவிளக்கு மாதிரி மின்னும், பார்ப்பவர்கள் அதிலேயே மயங்கி விழுந்துவிடுவார்கள். விவரம் தெரிந்த சேகரிப்பாளர் பித்தளையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஸ்டான்லி என்றால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கொதிகலன் எப்போது போட்டது?" என்பதுதான். ஏன் அந்தக் கேள்வி என்பது புரிந்துவிட்டால் வண்டியே புரிந்துவிடும்.

முதலில் ஆட்களைப் பற்றிக் கொஞ்சம். ஃபிரான்சிஸ், ஃப்ரீலன் ஸ்டான்லி என்ற இரட்டையர்கள், 1849இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கிங்ஃபீல்டு ஊரில் பிறந்தவர்கள். புகைப்படத் தகடு செய்து சம்பாதித்தவர்கள். 1897இல் பொழுதுபோக்காக ஒரு நீராவி வண்டி செய்து பார்க்க, ஊரே திரும்பிப் பார்த்தது. 1899இல் அந்த வடிவமைப்பை இரண்டரை லட்சம் டாலருக்கு விற்றார்கள். அதுதான் லோகோமொபைல் என்ற பெயரில் வந்தது. அப்புறம் கை சும்மா இருக்கவில்லை, 1902இல் மறுபடி சொந்தக் கம்பெனி. அந்தக் காலத்தில் நீராவிக் கார் என்பது கிறுக்குத்தனம் அல்ல. நம் சென்னையிலேயே 1903இல் சிம்சன் கம்பெனி ஒரு நீராவிக் காரைச் செய்து ஓட்டியது.

சரி, ஸ்டவ்வுக்கு வருவோம். பம்ப் ஸ்டவ்வில் எண்ணெய் அப்படியே எரிவதில்லை. கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தித் தலையைச் சூடாக்க வேண்டும். பம்ப் அடித்தால் எண்ணெய் அந்தச் சூடான குழாய் வழியே ஏறும்போது ஆவியாகி, ஊசிமுனை ஓட்டை வழியாகச் சீறிக்கொண்டு வந்து, காற்றோடு கலந்து நீலமாக எரியும். தலை சூடாகும் முன் அவசரப்பட்டுப் பம்ப் அடித்தால் மஞ்சள் தீ ஆளுயரத்துக்கு எழும்பும். என் பாட்டிக்கு இந்த நேரக்கணக்கு அத்துப்படி. ஸ்டான்லியிலும் அச்சு அசலாக இதே கதைதான். எரிபொருள் தொட்டியில் கையால் பம்ப் அடித்து அழுத்தம் ஏற்ற வேண்டும். ஒரு ஊதுவிளக்கால் முதலில் சின்னத் துணைச் சுடரின் குழாயைச் சூடாக்கி அதைப் பற்றவைக்க வேண்டும், அது எரிந்து பெரிய பர்னரின் ஆவியாக்கும் குழாயைச் சூடாக்கும், அது போதுமான அளவு சூடான பிறகு வால்வைத் திறந்தால் பெரிய பர்னர் 'புஸ்ஸ்' என்று மொத்தமாகப் பற்றிக்கொள்ளும். கொதிகலனின் அடி முழுவதும் நீலத் தீ. ஓட்டை அடைத்துக்கொண்டால் பின் வைத்துக் குத்துவது உட்பட எல்லாம் அதேதான்.

குக்கரில் அழுத்தம் அதிகமானால் விசில் அடித்து ஆவி வீணாக வெளியே போகும். ஸ்டான்லி சகோதரர்கள் இன்னும் சிக்கனமான ஆட்கள். நீராவி அழுத்தம் ஏற ஏற ஒரு மெல்லிய தகடு வளையும், அந்த வளைவு எரிபொருள் வால்வை மூடும், பெரிய பர்னர் அணைந்துவிடும். அழுத்தம் இறங்கினால் தகடு பழைய நிலைக்கு வரும், எரிபொருள் பாயும், துணைச் சுடர் மறுபடி பற்றவைக்கும். மின்சாரம் இல்லை, எலக்ட்ரானிக்ஸ் இல்லை, ஒரு தகடுதான். ஆனால் இதில் ஒரு சிக்கல். காற்றில் துணைச் சுடர் அணைந்திருந்து ஓட்டுநர் அதைக் கவனிக்காவிட்டால், பற்றாத எரிபொருள் ஆவி பர்னருக்குள் சேர்ந்து, பிறகு எப்போது பற்றினாலும் ஒரே அதிர்வேட்டு.

இனி குக்கர். வீட்டுக் குக்கரில் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு, தண்ணீர் 120 டிகிரியில் கொதிக்கும். டயர் கடையில் "முப்பது பாயின்ட் பிடிங்க" என்கிறோமே, அதே கணக்கில் ஸ்டான்லியின் கொதிகலனில் 500 முதல் 600 பாயின்ட் இருக்கும். 600இல் தண்ணீரின் கொதிநிலை 250 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. அந்தச் சூட்டில், அந்த அழுத்தத்தில், தண்ணீராகவே அடங்கிக் கிடக்கும் ஒவ்வொரு லிட்டரும் ஒரு பேட்டரி மாதிரி. வால்வைத் திறந்து அழுத்தத்தைச் சற்றே குறைத்தால் உடனே ஒரு பகுதி ஆவியாகப் பொங்கும். அதனால்தான் 20 குதிரைத்திறன் என்று எழுதிய வண்டி மேடு கண்ட இடத்தில் அதைவிடப் பல மடங்கு வேகமாகக் கிளம்புகிறது. அந்த 20 என்பது கொதிகலன் தொடர்ந்து தரக்கூடிய அளவு. சேமிப்பில் இருப்பதைக் கொஞ்ச நேரத்துக்கு வாரி இறைக்கலாம்.

இவ்வளவு அழுத்தம் உள்ள பாத்திரத்தை முழங்கால் அருகே வைத்துக்கொண்டு எப்படி ஓட்டினார்கள் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான். 20 குதிரைத்திறன் கொதிகலன் 23 அங்குலம் குறுக்களவுள்ள ஓர் உருளை, நம் கல்யாண வீட்டு அண்டா அளவு. அதன் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை சுமார் 750 செப்புக் குழாய்கள், ஒவ்வொன்றும் விரல் தடிமன். தீயின் சூடு குழாய்களுக்குள் ஏறும், தண்ணீர் குழாய்களைச் சுற்றி நிற்கும். இத்தனை குழாய்களின் பரப்பையும் கூட்டினால் நூறு சதுர அடி வரும். பத்துக்குப் பத்து அறையின் தரையைச் சுருட்டி ஓர் அண்டாவுக்குள் திணித்த மாதிரி.

உருளைப் பாத்திரம் ஒன்றை உள்ளிருந்து அழுத்தினால் அது நீளவாக்கில்தான் பிளக்கப் பார்க்கும், ஏனென்றால் சுற்றுவட்டத்தில் ஏற்படும் இழுவிசை நீளவாக்கில் ஏற்படுவதைப் போல இரண்டு மடங்கு. மரப் பீப்பாய்க்கு இரும்பு வளையம் போடுவது இதனால்தான். ஸ்டான்லிகள் வளையத்துக்குப் பதிலாகப் பியானோ கம்பியை எடுத்து, நூற்கண்டு சுற்றுவது போல, கொதிகலனைச் சுற்றி மூன்று அடுக்காக இழுத்துச் சுற்றிவிட்டார்கள். மெல்லிய தகடு, எடை குறைவு, ஆனால் இழுவிசையைத் தாங்குவது உருக்குக் கம்பி. சரி, மேலும் கீழும் உள்ள தட்டுகளைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும் விசையை யார் பிடிப்பது? அந்த 750 குழாய்களேதான் நங்கூரம். அவற்றின் முனைகளைத் தட்டில் விரித்து இறுக்கியிருப்பார்கள். தண்ணீர் வற்றிக் கொதிகலன் காய்ந்தால் முதலில் தளர்வது இந்த முனைகள். ஆவி கசிந்து கீழே உள்ள தீயை நனைக்கும், வண்டி வழியிலேயே படுத்துவிடும். வெடிப்பதற்கு முன் ஒழுகிவிடும் பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் ஸ்டான்லி கொதிகலன் வெடித்துச் சிதறியதே இல்லை என்று இந்த வண்டிக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு எஞ்சினைப் பார்த்தால் 'அவ்வளவுதானா' என்று இருக்கும். இரண்டு சிலிண்டர். பெட்ரோல் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் தள்ளும். இங்கே பிஸ்டனின் இரண்டு பக்கமும் மாறி மாறி நீராவி நுழைவதால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிலிண்டருக்கு இரண்டு தள்ளு, ஆக இரண்டு சிலிண்டருக்கு நான்கு. எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் தரும் அதே எண்ணிக்கை. பிஸ்டனின் தள்ளலைச் சுழற்சியாக மாற்றும் இரண்டு கிராங்கும் 90 டிகிரி தள்ளி வைக்கப்பட்டிருப்பதால் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு பிஸ்டன் தள்ளத் தயாராக இருக்கும். எஞ்சின் நேராகப் பின்னச்சோடு பல்சக்கரத்தில் கோக்கப்பட்டிருக்கிறது. கிளட்ச் இல்லை. கியர் பெட்டி இல்லை. வண்டி நின்றால் எஞ்சினும் நிற்கும், ஐடிலிங் என்ற பேச்சே கிடையாது. பெட்ரோல் எஞ்சின் சுற்றினால்தான் பலம், நீராவிக்கோ நின்ற இடத்திலேயே முழு பலமும் இருக்கிறது. அதனால்தான் கியர் தேவைப்படவில்லை. பின்னால் போக வேண்டுமா? ஒரு மிதியை அழுத்தினால் நீராவி நுழையும் நேரம் மாறி எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றும்.

ஆனால் காலையில் கிளம்பும்போது சிலிண்டர் குளிர்ந்திருக்கும், முதல் நீராவி உள்ளே போனதும் தண்ணீராகிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் அதில் மோதினால் ஏதாவது ஒன்று உடையும். ஆகவே நீராவியைத் திறந்துவிடும் த்ராட்டில் கம்பியை மயிரிழை அளவு திறந்து, வண்டியை ஓரடி முன்னே, ஓரடி பின்னே என்று தொட்டில் ஆட்டுவது போல ஆட்டித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அப்புறம் பாருங்கள், சத்தமே இல்லாமல் நழுவிப் போகும்.

எவ்வளவு வேகம் என்பவர்களுக்கு: 1906 ஜனவரியில் ஃபிளாரிடாவின் ஆர்மண்ட் கடற்கரை மணலில் ஃபிரெட் மேரியட் ஒரு ஸ்டான்லி பந்தய வண்டியை மணிக்கு 205 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். நீராவிக் கார்களில் அந்த வேகத்தை அதிகாரபூர்வ சாதனையாக மிஞ்ச 2009 வரை, நூற்று மூன்று வருடம் ஆனது.

பிறகு ஏன் செத்தது? இயற்பியல் தோற்கவில்லை, பொறுமை தோற்றது. சாவி கொடுத்ததும் கிளம்பாது, இருபது முப்பது நிமிடம் ஆகும். வெளியேறும் ஆவியைத் திரும்பப் பிடிக்கும் குளிர்விப்பான் 1915 வரை இல்லாததால் ஐம்பது கிலோமீட்டர் சுமாருக்கு ஒருமுறை தண்ணீர் பிடிக்க வேண்டும். வழியில் குதிரைகளுக்கு வைத்த தொட்டியில் குழாயை விட்டு உறிஞ்சிக்கொண்டு போவார்கள். குளிர்விப்பான் வந்ததும் சிலிண்டருக்கு விட்ட எண்ணெயும் சேர்ந்து கொதிகலனுக்குத் திரும்பி, புதுத் தலைவலி. பெட்ரோல் காரில் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கையை முறித்துக்கொள்ள வேண்டியிருந்தவரை ஸ்டான்லிக்கு ஒரு பேச்சு இருந்தது. 1912இல் கேடிலாக் மின்சார ஸ்டார்ட்டரோடு வந்ததும் அதுவும் போயிற்று. ஃபோர்டு லட்சக்கணக்கில் மலிவாக அடித்துத் தள்ள, இவர்கள் ஆண்டுக்குச் சில நூறு என்று கையால் செய்துகொண்டிருந்தார்கள். 1924இல் கம்பெனி கடையைக் கட்டியது.

ஆக, இப்போது ஒன்று விற்பனைக்கு வருகிறது என்றால் விலை எதற்கு? பழமைக்கு என்றால் அதற்கு எல்லையே இல்லை. 1884இல் பிரான்சில் செய்த த தியோன் நீராவி வண்டி ஒன்று 2011இல் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஏலத்தில் 46 லட்சம் டாலருக்குப் போனது. ஆனால் ஓட்டுவதற்கு வாங்குகிறவருக்கு, நூறு வருஷத்து அசல் கொதிகலன் அப்படியே இருக்கிறது என்பது பெருமை அல்ல, பயம். செப்புக் குழாய் தேய்ந்திருக்கும், முனைகள் தளர்ந்திருக்கும், உப்புப் படிந்திருக்கும். நம் ஊர் போர் தண்ணீரை அதில் ஊற்றுவதை நினைத்தாலே எனக்குப் பகீர் என்கிறது. புதிதாகச் செய்து, குளிர்ந்த நீரால் அழுத்தச் சோதனை செய்து, சான்றோடு போட்ட கொதிகலன் என்றால் அசல் போயிற்றே என்று மூக்கைச் சிந்தாமல் கூடுதல் விலை கொடுக்கலாம். அடுத்து பார்க்க வேண்டியது கொதிகலனில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் நீர்மட்டக் கண்ணாடி, அதற்கப்புறம் தண்ணீரை உள்ளே தள்ளும் பம்புகள். கூடவே, தண்ணீர் உறிஞ்சும் அந்த நீளக் குழாய் வண்டியோடு வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், குதிரைத் தொட்டி இல்லாவிட்டாலும் வழியில் ஏதாவது ஒரு வீட்டுக் கிணற்றடியில் நின்றுதான் ஆக வேண்டும்.