பூஞ்சைக்கு எய்த அம்பு

சிங்கப்பூரில் ஏறத்தாழ ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்கு எக்ஸிமா என்னும் தோல் அழற்சி இருக்கிறது. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் தோல் சிவந்து தடித்து, இரவெல்லாம் அரிக்கும். ஸ்டீராய்டு களிம்பை நெடுநாள் பூசினால் தோல் மெலிந்துவிடக்கூடும் என்பதால், முகம், கண்ணிமை போன்ற இடங்களுக்கு மருத்துவர்கள் டாக்ரோலிமஸ் களிம்பையும் எழுதித் தருகிறார்கள். பூசத் தொடங்கிய சில நாள்களுக்குத் தோல் எரியும். பிறகு அது அடங்கிவிடும். அந்த மருந்தைச் சுரப்பது ஒரு மண் பாக்டீரியா. ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை ஒன்றில் 1984இல் அதைக் கண்டறிந்தார்கள்.

நோய் எதிர்ப்புப் படையின் டி உயிரணு தூண்டப்பட்டதும் அதனுள் கால்சியம் பெருகி, கால்சிநியூரின் என்ற நொதியை இயக்கிவிடுகிறது. அந்த நொதி என்ஃபேட் என்ற புரதத்தில் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டை வெட்டி நீக்கினால்தான், அப்புரதம் உட்கருவுக்குள் நுழைந்து, அழற்சியைப் பெருக்கும் இன்டர்லூக்கின்-2 போன்றவற்றை உண்டாக்கும் மரபணுக்களை முடுக்கிவிட முடியும். டாக்ரோலிமஸ் தனியாக எதையும் தடுப்பதில்லை. உயிரணுவுக்குள் ஏற்கெனவே இருக்கும் எஃப்கேபிபி12 என்ற சிறு புரதத்தைப் பற்றிக்கொண்டு, அதனுடன் சேர்ந்து கால்சிநியூரின்மீது அமர்ந்துவிடுகிறது. என்ஃபேட் உட்கருவுக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

இன்னொரு ஸ்ட்ரெப்டோமைசிஸ், ஈஸ்டர் தீவு மண்ணில் கிடைத்தது. 1964இல் கனடிய ஆய்வுக் குழு திரட்டிய அம்மண்ணிலிருந்து, மான்ட்ரியலில் சுரேந்திர நாத் செகல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ராப்பமைசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதுவும் அதே எஃப்கேபிபி12ஐத்தான் பற்றுகிறது. ஆனால் அது முடக்குவது, உயிரணுவின் வளர்ச்சியை நடத்தும் டார் என்ற வேறொரு புரதத்தை. சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கு அமெரிக்கா 1999இல் அதற்கு அனுமதி அளித்தது.

மண்ணில் வாழும் நுண்ணுயிருக்கு நம் அழற்சியைத் தணிப்பதால் என்ன பயன்? ராப்பமைசின் முதலில் கவனம் பெற்றது பூஞ்சைக்கொல்லியாகத்தான். ஒரே மண்ணில் இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிடும் பூஞ்சைகளை அடக்க அது பயன்பட்டிருக்கலாம் என்பதே பொருத்தமான விளக்கம். டார் புரதம் 1991இல் வெளிப்பட்டதே ஈஸ்ட் ஆய்வில்தான். பூஞ்சைக்கும் மனிதனுக்கும் பொதுவான தொல்மூதாதையிடமிருந்து இப்புரதங்கள் பெரிதும் மாறாமல் வந்திருப்பதால், பூஞ்சைக்கு எய்த அம்பு நம் டி உயிரணுவிலும் தைக்கிறது.

ஆகவே, இயற்கையில் கிடைத்தது என்பதாலேயே இவற்றைத் தீங்கற்றவை என்று எண்ணுவது பெருந்தவறு. அழற்சியை அடக்கும் அதே செயல், கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலையும் குறைக்கிறது. தோலில் பூசும்போது இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் விழுங்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் நிலை வேறு. அளவு குறைந்தால் உடல் புதிய உறுப்பை நிராகரிக்கும், கூடினால் சிறுநீரகமே கெடும். எனவே இரத்தத்தில் மருந்தின் அளவை அடிக்கடி சோதிக்கிறார்கள். சீனப் புத்தாண்டுக் காலத்தில் நம் கடைகளில் குவியும் பம்பளிமாஸும் அதன் உறவான கிரேப்ஃபுரூட்டும், குடலில் இம்மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து, அதன் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடக்கூடும் என்பதால், அம்மாத்திரை எடுப்பவர்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.