பழைய பிரதி ஒன்று போதும்

யாழ்ப்பாணத்தில் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் இணையத்தளம் செய்து கொடுக்கும் என்னிடம் உரிமையாளர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "தம்பி, வலது கிளிக்கை நிறுத்திவிடுங்கள், எங்கள் தளத்தின் நிரலை ஒருவரும் பார்க்கக்கூடாது." அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். உலாவிக்கு வந்து சேர்ந்த எச்டிஎம்எல்லையும் ஜாவாஸ்கிரிப்டையும் எவரும் எப்படியும் பார்ப்பார்கள். பிஎச்பி என்ற மொழியில் எழுதிய நிரல் சேர்வரிலேயே, அதாவது தளம் இருக்கும் கணினியிலேயே, ஓடி முடிந்து, விளைவை மட்டும் வெளியே அனுப்புகிறது. காக்க வேண்டியது அந்த நிரலைத்தான்.

நல்லூர்த் திருவிழாவுக்கு முன்பு ஒரு விடுதிக்காரர் தம் தளத்தைச் சோதித்துத் தரச் சொன்னார். முகவரியில் கொன்பிக் கோப்பின் (தளத்தின் அமைப்பு விவரங்களும் கடவுச்சொல்லும் இருக்கும் கோப்பு) பெயரை எழுதி, கடைசியில் பழைய பிரதிகளுக்கு இடும் '.பேக்' என்ற முடிவைச் சேர்த்துத் தட்டினேன். யாரோ திருத்தம் செய்யும்போது எடுத்து வைத்த பழைய பிரதி அப்படியே திறந்தது. பிஎச்பி என்று முடியும் கோப்பைத்தான் சேர்வர் இயக்கும். மற்றதை வெறும் எழுத்தாக எடுத்துக் கொடுத்துவிடும். தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் திரையில். போதாக்குறைக்கு, தரவுத்தளத்தை உலாவியிலிருந்தே கையாளும் கருவியான பிஎச்பிமைஅட்மினும் அதே தளத்தில் திறந்து கிடந்தது. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்து தங்கியவர்களின் கடவுச்சீட்டு இலக்கங்கள் அந்தத் தரவுத்தளத்தில்தான் இருந்தன. நம்மை நம்பித் தந்த விவரங்கள் அவை; எனக்கு நெஞ்சு பதறிவிட்டது.

நிரலின் மாற்ற வரலாறு இருக்கும் '.கிட்' கோப்புறை, கடவுச்சொற்களை வைக்கும் '.என்வ்' கோப்பு, முழுத் தளத்தையும் சுருட்டி வைத்த ஜிப் எல்லாம் வெளியே எட்டும் இடத்தில் கிடந்தால் இந்த வகைதான். பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை: 2007 ஆகஸ்டில் சேர்வர் அமைப்பில் நேர்ந்த பிழையால் பேஸ்புக்கின் முகப்புப் பக்க பிஎச்பி நிரலே சிலருடைய திரையில் தோன்றியது. ஆகவே பிஎச்பியின் பதிப்பை மாற்றினாலோ ஹோஸ்டிங்கை (தளத்தை வைத்திருக்கும் சேவையை) மாற்றினாலோ, உடனே உலாவியில் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பாருங்கள்.

கடவுச்சொல் உள்ள கோப்பை, உலாவிக்குத் திறந்திருக்கும் பப்ளிக் எச்டிஎம்எல் கோப்புறைக்கு ஒரு படி மேலே வையுங்கள். பிஎச்பி அங்கிருந்தும் வாசிக்கும், உலாவிக்கு அது எட்டாது. என் கணிப்பில் இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. பிழைச்செய்திகளைத் திரையில் காட்டாமல் பதிவுக் கோப்புக்கு அனுப்புங்கள். கோப்புகள் இருக்கும் பாதையை அவை சொல்லிக் கொடுத்துவிடும்.

ஏற்கெனவே கசிந்திருந்தால் கோப்பை அழிப்பது மட்டும் போதாது. அதற்குள் யார் பிரதி எடுத்தார்கள் என்று தெரியாது. தரவுத்தளம், மின்னஞ்சல், கட்டணச் சேவை என அந்தக் கோப்பில் இருந்த ஒவ்வொரு கடவுச்சொல்லையும் சேவைகளை அணுகும் இரகசியச் சாவியையும் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.